பவர் எதுக்கு: லைட்டுக்கா, மூச்சுக்கா?

டெட் ஸ்பேஸ் விளையாடியிருக்கீங்களா? விளையாடினவங்களுக்கு பேரைக் கேட்டதுமே ஏசி டக்டுக்குள்ள ஏதோ தடதடன்னு ஓடுற சத்தம் ஞாபகம் வந்திருக்கும். விளையாடாதவங்களுக்கு கதையைச் சுருக்கமா சொல்லிடறேன். அப்புறம் கொல்லிமலைக்குப் போயிடலாம்.

கி.பி. 2508. பூமியில கனிமம் தீர்ந்துபோய், வேற கிரகங்களை உடைச்சு உள்ள இருக்கிறதை எடுக்கிற காலம். அந்த வேலைக்குன்னே கட்டின சுரங்கக் கப்பல் இஷிமுரா. திடீர்னு அந்தக் கப்பல்ல இருந்து பேச்சு மூச்சு இல்ல. ரிப்பேர் பண்ண ஒரு சின்ன டீம் போகுது. உள்ள போனா ஆள் நடமாட்டமே கிடையாது. செத்தவங்க உடம்பு உருமாறி எந்திரிச்சு வருது. அதுங்களுக்கு நெக்ரோமார்ஃப்னு பேரு. தலையில சுட்டா சாகாது, கை காலை வெட்டணும். சுவத்துல யாரோ ரத்தத்துல எழுதி வச்சிருக்கிற முதல் அட்வைஸே அதுதான்.

முதல் கேம் 2008 அக்டோபர்ல வந்துச்சு. அதையே புது இன்ஜின்ல முழுசா திரும்பக் கட்டி 2023 ஜனவரியில மோட்டிவ் ஸ்டுடியோ வெளியிட்டாங்க. நான் சொல்லப்போறது இந்த ரீமேக்கைப் பத்தி.

நம்ம காலேஜ் பசங்க இந்த கேமை விளையாட ஒரு ஸ்பெஷல் காரணம் இருக்கு. ஹீரோ ஐசக் கிளார்க் ராணுவ வீரன் கிடையாது. போலீஸ் கிடையாது. அவர் ஒரு என்ஜினியர். கையில இருக்கிற பிளாஸ்மா கட்டர் சுரங்கத்துல கல்லு வெட்டுற டூல். அடுத்தடுத்து கிடைக்கிற ஆயுதங்கள்ல பல்ஸ் ரைஃபிள் தவிர மத்ததெல்லாம் பட்டறைச் சாமான் மாதிரிதான். கேம் முழுக்க அவருக்கு வர்ற வேலையும் டிராம் ஓடல சரி பண்ணு, இன்ஜின் நின்னுபோச்சு ஸ்டார்ட் பண்ணு, காத்து கெட்டுப்போச்சு சுத்தம் பண்ணுங்கிறதுதான். நடுவுல உயிரோட இருக்கணும், அவ்ளோதான். பேரு கூட ஐசக் அசிமோவ், ஆர்தர் சி. கிளார்க்குன்னு ரெண்டு எழுத்தாளர்கள்கிட்ட இருந்து எடுத்தது. அதுல கிளார்க் நமக்குப் பக்கத்து வீட்டுக்காரர் மாதிரி. 1956-ல இருந்து இலங்கையில வாழ்ந்து, 2008 மார்ச்ல கொழும்புலதான் இறந்தார். அதே வருஷம்தான் அவர் பேரைச் சுமந்துக்கிட்டு இந்த என்ஜினியர் கப்பலேறினார்.

கன்சோல் மலையேறின கதை

எங்க ஹாஸ்டல் ரூம்ல நாலு பேரு. மூணாவது வருஷக் கடைசியில காசு போட்டு ஒரு செகண்ட் ஹேண்ட் எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எஸ் வாங்கினோம். லீவு வந்தா அது யார் வீட்டுக்குப் போகணும்னு சீட்டு குலுக்கிப் போடுவோம். இந்தப் பொங்கல் லீவுக்கு என் பேரு விழுந்துச்சு. ஹாஸ்டல் வைஃபையிலேயே கேமை இறக்கிட்டேன், ஏன்னா நான் போற ஊர்ல அத்தனை ஜிபி இறக்கணும்னா அடுத்த பொங்கலே வந்துரும்.

ஊரு அரியூர் நாடு. கொல்லிமலையில ஊரையெல்லாம் நாடுன்னுதான் சொல்லுவாங்க: வளவந்தி நாடு, திண்ணனூர் நாடு, சேலூர் நாடு, இப்படி. அம்மா பொறந்த எடம் அரியூர் நாடு. அப்பா வேலைக்காக நாங்க கீழ நாமக்கல்ல செட்டில் ஆயிட்டோம். மேல இப்ப இருக்கிறது சித்தி, சித்தப்பா, பத்தாவது படிக்கிற தம்பி, அப்புறம் எங்க ஆயா.

நான் கொல்லிமலைன்னு சொன்னதும் ஹாஸ்டல்ல எல்லாரும் கேட்கிற கேள்வி ரெண்டு. ஒண்ணு, 70 கொண்டை ஊசி வளைவுல வாந்தி வருமா? ரெண்டு, அங்க நைட்டு ஏதாச்சும் அமானுஷ்யமா நடக்குமா? யூடியூப்ல சித்தர் குகை, மர்மம், மந்திரம்னு சிவப்பு எழுத்துல போட்டுப் போட்டு எங்க மலையே ஒரு ஹாரர் கேம் மேப் மாதிரி ஆயிடுச்சு. நானும் ஹாரர் கேமோட அங்க போறேன்னு தெரிஞ்சதும் ரூம் பசங்க சொன்னது, "மச்சி, டபுள் எஃபெக்ட்டுடா."

பஸ் காரவள்ளியில இருந்து ஏறும்போது கன்சோல் பேகை மடியில வச்சுக்கிட்டேன். 70 வளைவும் முடியிற வரைக்கும் கையை எடுக்கல. வீட்டுக்குப் போய் சேர்ந்தப்போ முற்றத்துல காப்பிக்கொட்டை காயுது. சில்வர் ஓக் மரத்துல மிளகுக் கொடி காய் பழுக்க ஆரம்பிச்சிருந்துச்சு. வீட்டுல 32 இஞ்ச் டிவி இருந்துச்சு. அதைத் தாங்கிக்கிட்டு இருந்தது, எப்பவோ கவர்மெண்ட் கொடுத்த பழைய கலர் டிவி பெட்டி. வயரைச் சொருகி ஆன் பண்ணினதும் தம்பி கேட்டான், "அண்ணா, இதுல கார் ரேஸ் இருக்கா?"

"இல்லடா, பயப்படுற கேம்."

"பயப்படுறதுக்கு எதுக்குண்ணா கரண்டு?"

நடுவுல நான் மொழிபெயர்ப்பாளர்

முதல் ராத்திரி ஒரு விஷயம் புரிஞ்சுச்சு. கேம்ல பேசுறது, ஸ்கிரீன்ல வர்றது, செத்துப்போனவங்க விட்டுட்டுப் போன வாய்ஸ் ரெக்கார்டு எல்லாமே இங்கிலீஷ். தம்பிக்கு ஓரளவு புரியும், வேகமா பேசினா புரியாது. ஆயாவுக்கு சுத்தமா புரியாது, ஆனா கட்டில்ல உட்கார்ந்து போர்வையைப் போர்த்திக்கிட்டு ஒரு சீன் விடாம பார்த்தாங்க. அதனால நான் விளையாடிக்கிட்டே தமிழ்ல சொல்லிக்கிட்டு வரணும்.

நான் எல்கேஜில இருந்து இங்கிலீஷ் மீடியம். கீழ நான் படிச்ச ஒரு ஸ்கூல்ல வராண்டாவுல தமிழ் பேசினா ஃபைன் போடுவாங்க. வீட்டுல தமிழ்தான், ஆனா ஓல்ட்டேஜ், கியர், ஆக்சிஜன்னு வந்துட்டா மண்டைக்குள்ள இங்கிலீஷ்தான் ஓடும். அந்த ராத்திரி எனக்குத் தமிழ் வார்த்தை கிடைக்காத எடத்துல எல்லாம் தம்பி கொடுத்தான்.

கேம்ல ஸ்டேசிஸ்னு ஒரு பவர் இருக்கு. வேகமா சுத்துற ஃபேன், பாய்ஞ்சு வர்ற ஜந்து, எது மேல அடிச்சாலும் அது ஆமை மாதிரி ஸ்லோ ஆயிடும். நான், "காலத்தை உறைய வைக்கிறது"ன்னு என்னமோ டப்பிங் படம் மாதிரி சொன்னேன். தம்பி, "மரத்துப் போக வைக்கிறதுன்னு சொல்லுண்ணா, கால் மரத்துப் போற மாதிரி"ன்னான். கரெக்ட். கப்பலோட வெளிச்சுவர்ல ஓட்டை விழுந்து காத்தெல்லாம் வெளிய போகுதுன்னு நான் நீட்டி முழக்கினதை அவன் "ஓட்டுல பொத்தல்"னு முடிச்சுட்டான். நெக்ரோமார்ஃபுக்கு விளக்கம் கொடுத்தப்போ ஆயாவே தீர்ப்பு சொல்லிட்டாங்க: "அப்ப அது பேயி இல்ல. பொணம். பேயா இருந்தா பூசாரியைக் கூப்பிடணும். பொணத்துக்கு எதுக்குப் பயம்?"

அடுத்து ஐசக்கைப் பத்திக் கேட்டாங்க.

"இவன் எதுக்குடா அங்க போனான்?"

"ரிப்பேர் பண்ண ஆயா."

"கூலி எவ்ளோ?"

மூணு செமஸ்டரா கேம் டிசைன் வீடியோவா பார்த்துத் தள்ளினவன் நான். இந்தக் கேள்வியை யாரும் கேட்டு நான் பார்த்ததில்ல.

சித்தப்பா வாசப்படியில நின்னு கொஞ்ச நேரம் பார்த்தாரு. கிரகத்தை உடைக்கிற கப்பல்னு சொன்னதும் அவரு முகம் மாறுச்சு. எங்க மலையில மேல்மண்ணுக்குக் கீழ பாக்சைட் உண்டு. மேட்டூர்ல இருந்த அலுமினிய ஆலைக்கு இங்கிருந்தும் ஏற்காட்டுல இருந்தும் அதை வெட்டி எடுத்துட்டுப் போனாங்க. 2008 கடைசியில நின்னுபோச்சு, டெட் ஸ்பேஸ் முதல்முதலா கடைக்கு வந்த அதே சமயத்துல. சித்தப்பா சின்ன வயசுல அந்த லாரியில லோடு ஏத்தப் போனவரு. "உடைச்ச எடத்துல திரும்ப மண்ணு போட்டு மூடுனானுங்களா?"ன்னு மட்டும் கேட்டாரு. கேம்ல மூடலன்னு சொன்னேன். தலையை ஆட்டிட்டு மாட்டைப் பார்க்கப் போயிட்டாரு.

பயத்தை எப்படிக் கட்டியிருக்காங்க

கொஞ்சம் டெக்னிக்கலா பேசுவோம், நம்ம மேகஸின்ல இது இல்லாம எப்படி?

சாதாரண ஷூட்டர் கேம்ல ஸ்கிரீன் ஓரத்துல உயிர் எவ்ளோ, குண்டு எவ்ளோன்னு நம்பர் ஓடும். டெட் ஸ்பேஸ்ல அது கிடையாது. ஐசக்கோட முதுகெலும்பு மேல ஒரு லைட் பட்டை இருக்கு, அதுதான் உயிர். நீலமா இருந்தா நல்லா இருக்கார், சிவப்பானா முடியப்போகுது. குண்டு எண்ணிக்கை துப்பாக்கி மேலயே ஹோலோகிராமா தெரியும். பையைத் திறந்து மருந்து தேடினா கேம் நிக்காது, பின்னாடி அது வந்துக்கிட்டேதான் இருக்கும். அதாவது நமக்குத் தெரியிறது எல்லாம் ஐசக்குக்கும் தெரியிறதுதான். ஸ்கிரீனுக்கு வெளிய ஒளிஞ்சுக்க எடமே இல்ல.

அடுத்தது சத்தம். முதல் கேம் அதுக்காகவே பாஃப்டா விருது வாங்குச்சு. இசையமைச்சவர் ஜேசன் கிரேவ்ஸ். ஒரே பாட்டை அமைதி, லேசான பதட்டம், அதிகம், உச்சம்னு நாலு அடுக்கா பிரிச்சு வச்சிருக்காங்க. ஆபத்து எவ்ளோ பக்கத்துல இருக்கோ அதைப் பொறுத்து கேம் அந்த அடுக்குகளைத் தானே கலக்கும். நமக்கு ரெக்கார்டு பண்ணின பாட்டு ஓடுற மாதிரியே தெரியாது, நம்ம நெஞ்சுத் துடிப்பைக் கேட்டுக்கிட்டு யாரோ வாசிக்கிற மாதிரி இருக்கும். ரீமேக்ல இதுக்கு மேல ஒரு சிஸ்டம் சேர்த்திருக்காங்க. நீங்க ஏற்கெனவே காலி பண்ணின பாதையில திரும்ப நடந்தாலும், எப்போ லைட்டை மினுக்கணும், எப்போ புகை விடணும், எப்போ நிஜமாவே ஒண்ணை அனுப்பணும்னு அது முடிவு பண்ணும். பாதுகாப்பான வராண்டான்னு ஒண்ணு கிடையவே கிடையாது.

இதெல்லாம் தெரிஞ்சும் நான் அலறினேன். தம்பி அலறல. ரெண்டாம் நாள் ராத்திரி ஹெட்செட்டைக் கழட்டிட்டு டிவி ஸ்பீக்கர்லயே சத்தத்தை வச்சோம். அவன் கண்ணை மூடிக்கிட்டு உட்கார்ந்து, "வலப்பக்கம், மேல, ரெண்டு"ன்னு சொல்ல ஆரம்பிச்சான். பத்துல எட்டு தடவை சரியா இருந்துச்சு. எப்படிடான்னு கேட்டேன்.

அவன் சித்தப்பாவோட மரவள்ளிக் காட்டுக்கு ராக்காவல் போறவன். காட்டுப்பன்றி ஒரு ராத்திரி புகுந்துச்சுன்னா கிழங்கு பூராவும் தோண்டிப் போட்டுட்டுப் போயிடும். டார்ச்சை எப்பவும் போட்டுக்கிட்டே இருக்க முடியாது, காதுதான் வேலை செய்யணும். அவன் சொன்னது இது: "இந்த கேம்ல பாட்டு வந்தா அது வருதுன்னு தெரிஞ்சிருதுண்ணா. காட்டுல பாட்டு வராது. இருக்குற சத்தம் நிக்கும். பூச்சி கத்துறது டப்புன்னு நின்னா எங்கயோ ஒண்ணு நடக்குதுன்னு அர்த்தம்."

இதைக் கேட்டதும் கேம்ல ஒரு எடம் ஞாபகம் வந்துச்சு. கப்பலுக்கு வெளிய, காத்தே இல்லாத வெட்டவெளியில ஐசக் நடக்கும்போது எல்லா சத்தமும் அடங்கிடும். அவரு மூச்சும், காலடி அதிர்வும் மட்டும் மந்தமா கேட்கும். இந்த கேம்ல என்னை ரொம்பப் பயமுறுத்துற பகுதி அதுதான். அங்க ஏன் அப்படிப் பயந்தேன்னு எனக்கு அதுவரைக்கும் தெரியாது. பத்தாவது படிக்கிற பையன் பன்றிக் காவலை வச்சு அதை எனக்குச் சொல்லிக் கொடுத்துட்டான்.

சிரிக்கிற பாவை

ஆயாகிட்ட, நம்ம மலையில இருக்கிற பயமான கதை சொல்லுங்கன்னு கேட்டேன். எட்டுக்கை அம்மனைத்தான் சொல்லுவாங்கன்னு எனக்குத் தெரியும். அந்த அம்மனைத்தான் இங்க கொல்லிப்பாவைன்னு கும்பிடுறாங்க. கொல்லிப்பாவை கதை பழசு. மலையில தவம் பண்றவங்களைக் காப்பாத்த செஞ்சு வச்ச பொம்மை அது. அசுரன் வந்தா அவன் வாடையைக் கண்டுபிடிச்சு, அழகா சிரிச்சு, மயக்கிக் கிட்ட வரவச்சு கொன்னுடும்னு சொல்லுவாங்க.

நீங்களே யோசிச்சுப் பாருங்க. வாடையை வச்சு ஆளைக் கண்டுபிடிக்குது, அதாவது சென்சார். நல்லவனா கெட்டவனான்னு பிரிக்குது. சிரிப்பு தூண்டில். கொல்றது தானியங்கி. எங்க மலையோட முதல் சயின்ஸ் ஃபிக்‌ஷன் ஹாரர் இதுதான்னு நான் ரூம்ல பெருமையா சொல்லிக்கிறது உண்டு. ஆனா நற்றிணை, குறுந்தொகை, அகநானூறுல பாவை வர்ற எடத்தைப் பார்த்தீங்கன்னா, அது பெரும்பாலும் காதலியோட அழகுக்கு உவமையா வருது. நற்றிணையில பரணர் பாட்டு ஒண்ணுல, காத்து அடிச்சாலும் மழை பெஞ்சாலும் இடி விழுந்தாலும் நிலம் நடுங்கினாலும் அந்தப் பாவையோட அழகு மாறாதுங்கிற கருத்து வரும். மலையில இருக்கிறவங்களுக்கு அது காவல். கீழ இருந்து வர்றவனுக்குத்தான் அது பயம்.

ஆயா இதை இன்னும் சுருக்கமா சொன்னாங்க: "அம்மா நம்மள எதுக்குடா கொல்லப் போறா?" அப்புறம் அவங்க நிஜமா பயப்படுறது எதுக்குன்னு கேட்டேன். "ராத்திரியில இளைப்பு வர்றது"ன்னாங்க.

ரெண்டு சுவிட்ச்

ரீமேக்ல புதுசா சேர்த்த விஷயம் ஒண்ணு இருக்கு: சர்க்யூட் பிரேக்கர். கப்பல்ல பவர் பத்தாது. ஒரு கதவோ மிஷினோ ஓடணும்னா வேற ஏதாவது ஒண்ணுல இருந்து பவரை எடுத்தாகணும். சில எடத்துல தேர்வு இப்படி வரும்: லைட்டை அணைக்கிறியா, ஆக்சிஜனை அணைக்கிறியா? லைட் போனா கும்மிருட்டுல நடக்கணும். ஆக்சிஜன் போனா சூட்ல இருக்கிற கொஞ்ச காத்து தீர்றதுக்குள்ள ஓடணும்.

இந்த எடத்துல நாங்க ரூம்ல பத்து நிமிஷம் சண்டை போட்டிருக்கோம். பெரும்பாலும் ஆக்சிஜனை அணைச்சுட்டு ஓடுவோம். ஏன்னா இருட்டு அவ்ளோ பயம். ரெண்டாம் நாள் ராத்திரி அதே மாதிரி ஒரு தேர்வு வந்தப்போ தம்பிகிட்ட கேட்டேன். அவன் யோசிக்கவே இல்ல. "லைட்டை அணைண்ணா. காத்து இருக்கட்டும்."

மூணாம் நாள் ராத்திரி பத்தரை மணி இருக்கும். வெளிய காத்து பலமா அடிச்சுச்சு. கரண்டு போயிடுச்சு. இன்வெர்டர் எடுத்துக்குச்சு, டிவி லேசா மினுக்கி நின்னுச்சு, கேம் ஓடிக்கிட்டே இருக்கு. நான் கன்ட்ரோலரைக் கீழ வைக்கிறதுக்குள்ள தம்பி எந்திரிச்சு டிவி சுவிட்சையும் கன்சோல் சுவிட்சையும் அணைச்சான். அப்புறம் கூடத்து லைட்டையும். யாரும் அவனை எதுவும் சொல்லல. இருட்டுல அவன் குரல் மட்டும்: "ஆயாவுக்கு இன்னிக்கு இளைப்பு வரும்ணா. சாயங்காலமே இருமிட்டு இருந்துச்சு."

ஒரு மணி நேரம் கழிச்சு வந்துச்சு. ஆயா கட்டில்ல நிமிர்ந்து உட்கார்ந்துட்டாங்க. மூச்சு விடும்போது விசில் மாதிரி சத்தம். கேம்ல ஐசக்குக்குக் காத்து தீரும்போது வர்ற மூச்சுச் சத்தத்தை நான் நூறு தடவை கேட்டிருப்பேன். ஒரு நிஜ நெஞ்சுல இருந்து அது வர்றப்போ கேட்கிறது முற்றிலும் வேற. சித்தி நெபுலைசரை எடுத்தாங்க, வீட்டுல அதுக்கு புகை மிசின்னு பேரு. மருந்தை ஊத்தி, மாஸ்க்கை மாட்டினாங்க. தம்பி சுவிட்ச் போட்டான். இன்வெர்டர் ஒரு முனகு முனகி, பிடிச்சுக்குச்சு. மிசின் ஓடுச்சு.

நானும் சித்தப்பாவும் வாசல்ல நின்னு செம்மேட்டு ஆஸ்பத்திரிக்குப் போகணுமான்னு பேசிக்கிட்டு இருந்தோம். அதுக்கு மேல முடியாதுன்னா கீழ நாமக்கல். அந்த இருட்டுல, அந்த வளைவுகள்ல. ஹாஸ்டல்ல பசங்க வாந்தி வருமான்னு கேட்கிற அதே 70 வளைவு. பதினஞ்சு நிமிஷத்துல ஆயா மூச்சு சீரானுச்சு. மறுபடி ரெண்டு மணிக்கு ஒரு தடவை வச்சாங்க. கரண்டு வந்தப்போ விடிஞ்சிருச்சு.

சுவத்துல இருந்த கணக்கு

வெளிச்சம் வந்தப்புறம்தான் நான் அதைக் கவனிச்சேன். இன்வெர்டருக்குப் பக்கத்துல சுவத்துல சாக்பீஸ்ல தம்பி எழுதி வச்சிருந்தான்.

லைட் ரெண்டு: விடியிற வரைக்கும்.
லைட் ரெண்டு, டிவி: ரெண்டரை மணி.
மிசின்: டிவி ஓடினா போடக் கூடாது.

கடைசி வரி எதுக்குன்னு கேட்டேன். "டிவி ஓடிக்கிட்டு இருக்கும்போது மிசினைப் போட்டா இன்வெர்டர் கீன்னு கத்திட்டு அணைஞ்சுருதுண்ணா. ஆனா மிசின் ஓட ஆரம்பிச்சப்புறம் லைட்டு போட்டா ஒண்ணும் ஆகல. ஏன்னு தெரியல. மூணு தடவை பார்த்துட்டு எழுதிட்டேன்."

நான் ஈஈஈ ஃபைனல் இயர். அது எதுக்குன்னு எனக்குத் தெரியும். நெபுலைசருக்குள்ள இருக்கிறது ஒரு கம்ப்ரஸர் மோட்டார். ஸ்டார்ட் ஆகிற அந்த ஒரு நொடியில ஓடும்போது இழுக்கிறதை விட பல மடங்கு கரண்ட் இழுக்கும். பேட்டரி பழசு, உள்தடை ஏறிப்போயிருக்கு. ஏற்கெனவே டிவி லோடு இருக்கும்போது மோட்டாரும் இழுத்தா ஓல்ட்டேஜ் சரிஞ்சு, இன்வெர்டர் தன்னைக் காப்பாத்திக்க அணைஞ்சுடும். இதை நாங்க மெஷின்ஸ் லேப்ல ஸ்டார்ட்டரோட படிச்சோம். ரெக்கார்டு நோட்டுல கிராஃப் போட்டு சைனும் வாங்கிட்டேன்.

அதை அவனுக்குத் தமிழ்ல சொன்னேன். இந்தத் தடவை எனக்கு வார்த்தை கிடைச்சுச்சு: "வண்டியை நின்ன எடத்துல இருந்து தள்ளுறதுதாண்டா கஷ்டம். உருள ஆரம்பிச்சுட்டா ஒரு கை போதும்." அவன் கொஞ்ச நேரம் சுவத்தைப் பார்த்தான். அப்புறம் கேட்டான், "இதைத்தான் நாலு வருஷம் படிக்கிறீங்களா? எனக்கும் இதைப் படிக்கலாமா?"

கேள்வி சாதாரணமா இருக்கு. ஆனா அந்த வீட்டுல அப்போ அதுதான் பெரிய பேச்சு. தம்பி படிக்கிறது அரசு பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளியில. பத்தாவது முடிஞ்சதும் கீழ ஒரு பிரைவேட் இங்கிலீஷ் மீடியத்துல பிளஸ் ஒன் சேர்த்துடணும்னு சித்தப்பா முடிவு பண்ணியிருந்தாரு. ஃபீஸுக்கு அந்த வருஷ மிளகு. அதுக்கு உதாரணமா அவரு காட்டினது என்னைத்தான்: இங்கிலீஷ் மீடியம், இன்ஜினியரிங், கையில ஒரு சாஃப்ட்வேர் கம்பெனி ஆஃபர் லெட்டர்.

அன்னிக்குக் காலையில காப்பிக்கொட்டையைத் துழாவிக்கிட்டே சித்தப்பாகிட்ட எனக்குத் தெரிஞ்சதைச் சொன்னேன். உங்களுக்கும் சொல்றேன், ஏன்னா உங்க வீட்டுலயும் பத்தாவது படிக்கிற ஒரு தம்பியோ தங்கச்சியோ இருக்கலாம்.

தமிழ்நாட்டுல 2021-ல இருந்து இன்ஜினியரிங் மாதிரி தொழிற்படிப்புகள்ல அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 7.5 சதவீத இடம் தனியா இருக்கு. அதுல சேர்றவங்களோட படிப்புக் கட்டணம், ஹாஸ்டல் கட்டணத்தை அரசே ஏத்துக்குது. ஆனா ஆறாவதுல இருந்து பன்னிரண்டாவது வரைக்கும் அரசுப் பள்ளியில படிச்சிருக்கணும். பிளஸ் ஒன்னுக்குப் பிரைவேட்டுக்கு மாத்தினா அந்தக் கதவு மூடிரும். மிளகு வித்துக் காசு கட்டி, இலவசமா கிடைக்கிற சீட்டை இழந்த கதை ஆயிடும். இன்னொரு வழி, பத்தாவது முடிச்சு பாலிடெக்னிக்ல மூணு வருஷம் டிப்ளமோ, அப்புறம் பி.இ.யில நேரடியா ரெண்டாம் வருஷம். ஐடிஐ முடிச்சும் டிப்ளமோ ரெண்டாம் வருஷத்துக்குப் போகலாம். இங்கிலீஷ்தான் பயம்னா, அண்ணா பல்கலைக்கழகத்துல 2010-ல இருந்தே சிவில், மெக்கானிக்கல் தமிழ் வழியில இருக்கு.

சித்தப்பா முழுசா கேட்டாரு. "தமிழ்ல படிச்சா நாளைக்கு உன்ன மாதிரி பேச முடியுமா?"ன்னாரு. நான் சுவத்தைக் காட்டி, "என்னை மாதிரி பேசுறவங்க நிறைய இருக்காங்க சித்தப்பா. இப்படி மூணு தடவை சோதிச்சுப் பார்த்து எழுதுறவங்க என் கிளாஸ்ல கம்மி"ன்னேன். அவரு ஒத்துக்கல, மறுக்கவும் இல்ல. "மிளகு பறிச்சு முடியட்டும். பேசலாம்"னு ஒத்த மூங்கில் ஏணியைத் தோள்ல போட்டுக்கிட்டுப் போயிட்டாரு. இதை எழுதுற வரைக்கும் முடிவு தெரியல. எனக்குத் தெரிஞ்ச இன்னொரு விஷயத்தை அன்னிக்கே செஞ்சுட்டேன்: நெபுலைசருக்கு மட்டும் தனி பிளக் பாயிண்ட், பக்கத்துல பேட்டரி ஓல்ட்டேஜ் காட்டுற ஒரு சின்ன மீட்டர். மீட்டர் சோழக்காட்டுல கிடைக்கல, நாமக்கல்ல இருந்து அப்பா வாங்கிட்டு வந்தாரு. எத்தனைக்குக் கீழ போனா என்னத்தை அணைக்கணும்னு தம்பி சுவத்துல நாலாவது வரியா எழுதிட்டான்.

கேமை நாங்க முடிக்கல. மொத்தம் 12 சாப்டர், ஆறாவதுல நிக்குது: கப்பலோட தோட்டம், அங்க காத்து விஷமா மாறியிருக்கு, ஐசக் அதைச் சுத்தம் பண்ணணும். லீவு முடிஞ்சு கன்சோலைப் பேக் பண்ணும்போது, கடைசியில அந்த நிக்கோல் உயிரோட இருக்காளான்னு தம்பி கேட்டான். ஐசக் அந்தக் கப்பலுக்கு வந்ததே அவளைத் தேடித்தான். நான் சொல்லல. நீங்களும் விளையாடலன்னா உங்களுக்கும் சொல்லப்போறதில்ல.

விளையாடப் போறவங்களுக்கு ரெண்டே ரெண்டு டிப்ஸ். தனியா விளையாடாதீங்க, வீட்டுல இங்கிலீஷ் புரியாத யாராவது இருந்தா பக்கத்துல உட்கார வச்சு தமிழ்ல சொல்லிக்கிட்டே விளையாடுங்க, கேம் வேற மாதிரி ஆயிடும். பிரேக்கர் வந்தா லைட்டை அணைங்க.